காய்ந்த பின்பே கரணை: பழுதடைந்த வீட்டைச் சுத்தம் செய்து மீட்கும் முறை

வெள்ளம் புகுந்து வடிந்த வீட்டுக்குள், அல்லது சுவருக்குள் புதைந்த குழாய் உடைந்து ஒரு வாரமாகக் கசிந்த அறைக்குள் நுழைந்தவுடன் நம் கை தானாகவே துடைப்பத்தைத் தேடும். இந்த அலங்கோலம் எப்படியாவது கண்ணில் படாமல் மறைந்தால் போதும் என்ற தவிப்பு அது. பெரும்பாலான தவறுகள் அந்தத் தவிப்பில்தான் நடக்கின்றன. உள்ளே ஈரம் இருக்கும்போதே பட்டி பார்க்கிறோம். பூஞ்சையின் மேலேயே வண்ணம் அடிக்கிறோம். கரி படிந்த சுவரை ஈரத்துணியால் துடைத்து, ஒரு சாண் கறையை ஒரு முழக் கறையாக்குகிறோம். வீட்டை மீட்பதற்கு ஒரு வரிசை உண்டு. கேடு வந்த காரணத்தை நிறுத்துவது முதலில். அழுக்கைக் கழுவுவது அடுத்து. முழுமையாகக் காய வைப்பது அதற்கடுத்து. பழுது பார்ப்பதும் வண்ணம் தீட்டுவதும் எல்லாவற்றுக்கும் கடைசியில். இவற்றில் ஒன்றைத் தாண்டிச் சென்றால், செய்த வேலையைச் சில மாதங்களில் மீண்டும் செய்ய வேண்டி வரும்.

இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில், படுக்கையறையில், பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. சுரண்டி எடுத்து, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு முறை வண்ணம் அடித்தேன். சுவர் அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் அதே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் எழுந்தது. விரலால் அழுத்தினால் தோலைப் போல உள்வாங்கியது. கத்தி முனையால் கீறிப் பார்த்தபோது, வண்ணப் படலத்தின் பின்னால் பஞ்சு போன்ற வெண்மையான உப்பும், அதற்கும் பின்னால் நகத்தால் தோண்டினாலே உதிரும் ஈரச் சாந்தும் இருந்தன. கசிவு மறுபக்கத்தில், குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் தொடர்ந்துகொண்டே இருந்தது. நான் சரிசெய்தது கசிவின் அடையாளத்தை மட்டுமே.

உள்ளே நுழைவதற்கு முன்

நீர் தேங்கிய வீட்டில் மின்சாரமே முதல் ஆபத்து. மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்தை நீரில் கால் வைக்காமல் அடைய முடிந்தால் மட்டுமே அதை நாமே அணைக்கலாம். நீரில் நின்றுகொண்டு அணைக்க வேண்டிய நிலை என்றால் மின்வாரியத்தையோ மின்பணியாளரையோ அழைப்பதைத் தவிர வேறு வழியைத் தேடக் கூடாது. நீரில் மூழ்கிய சுவிட்சுகள், பிளக் பாயின்ட்டுகள், எம்.சி.பி. எனப்படும் தானியங்கி மின்துண்டிப்பான்கள் ஆகியவற்றைக் காய வைத்து மீண்டும் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். உள்ளே படிந்த சேறும் உப்பும் தொடுமுனைகளை அரிக்கும். பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் அவை பின்னாளில் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அவற்றை மாற்றிவிடுவதே முறை. குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றையும் பணியாளர் பார்த்துச் சொல்லும் வரை மின் இணைப்பில் செருகக் கூடாது.

எரிவாயு வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், தீக்குச்சி உரசாமல் வெளியேற வேண்டும். கூரையின் அடிப்பகுதி வயிறு தள்ளியது போலத் தொங்கினால், அதன் மேல் நீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். அந்த அறைக்குள் கால் வைக்காதீர்கள். மின்சாரம் இல்லை என்பதற்காக ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ சன்னலருகிலோ வைத்து இயக்குவதும், அறையைக் காய வைப்பதற்காக உள்ளே கரி அடுப்பு மூட்டுவதும் உயிரைப் பறிக்கும் செயல்கள். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

தடித்த அடியுள்ள காலணி, ரப்பர் கையுறை, கண்ணாடி, என்95 வகை முகக்கவசம் ஆகியவை இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். துணி முகக்கவசம் பூஞ்சை வித்துகளைத் தடுக்காது. எதையும் நகர்த்துவதற்கு முன் எல்லா அறைகளையும் படம் எடுத்து வையுங்கள். சுவரில் நீர் எட்டிய உயரம், சேதமான பொருள்களின் மாதிரி எண் தெரியும் பட்டைகள் ஆகியவையும் படத்தில் இருக்கட்டும். காப்பீடு இருந்தால் அது உதவும். இல்லாவிட்டாலும், நீர் எந்த உயரம் வரை நின்றது என்ற பதிவு பின்னர் சுவரைச் சோதிக்கும்போது தேவைப்படும்.

சேறும் முதல் கழுவலும்

சேற்றை மட்டும் காய விடக் கூடாது. ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியும் ரப்பர் தள்ளியும் போதும். காய்ந்துவிட்டால் அது சிமென்டைப் போல இறுகி, உடைக்கும்போது தூசியாகப் பறந்து நுரையீரலுக்குள் போகும். மேலிருந்து கீழாகவும், உள்ளறையிலிருந்து வாசலை நோக்கியும் வேலை செய்யுங்கள். நிலத்தடி அறையில் நீர் நிரம்பியிருந்தால், வெளியே மண்ணில் ஊறிய நீர் வற்றும் முன் உள்ளே இருப்பதை ஒரேயடியாக இறைக்க வேண்டாம். வெளிப்பக்க அழுத்தத்தைத் தாங்க உள்ளே எதிரழுத்தம் இல்லாமல் சுவர்கள் உள்வாங்கிச் சரியலாம். நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் இறைப்பது பாதுகாப்பானது.

சேறு போன பிறகு சோப்புத்தூள் கலந்த நீரால் தரையையும் சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள். அதற்குப் பிறகுதான் கிருமிநீக்கம். இந்த இரண்டையும் ஒரே வேலையாகச் செய்ய முயல்வதில் பயனில்லை, ஏனென்றால் பிளீச் அழுக்கின் மேல் பட்டால் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தன் வலுவை இழந்துவிடும். வீட்டில் பயன்படுத்தும் திரவ பிளீச்சை லிட்டருக்குச் சுமார் 60 மில்லி என்ற அளவில் நீரில் கலந்து, கழுவிய தளத்தில் பூசி, 10 நிமிடம் ஈரம் குறையாமல் விட்டு, பின் நல்ல நீரால் அலசினால் போதும். கலவையை அன்றன்றைக்குத் தயாரியுங்கள். அடுத்த நாளுக்கு அதன் வலு குறைந்துவிடும். பிளீச்சுடன் வினிகரையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ அமோனியா உள்ள துப்புரவுத் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயுவும், அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் வாயுவும் எழும். மூடிய குளியலறையில் சில நிமிடங்களிலேயே அவை மூச்சுத்திணறலை உண்டாக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றுவதும் கலப்பதுதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற கேள்வி இந்த இடத்தில் எழும். மனத்துக்குக் கடினமான பகுதி இது. உலோகம், கண்ணாடி, பீங்கான், கெட்டியான பிளாஸ்டிக், கெட்டி மரம் ஆகியவற்றைக் கழுவி மீட்கலாம். கழிவுநீர் கலந்த வெள்ளத்தில் ஊறிய மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த இருக்கை, கம்பள விரிப்பின் அடித்தாள் ஆகியவற்றை மீட்க முடியாது. வெயிலில் காய்ந்த மெத்தை மேலே மொரமொரப்பாக இருக்கலாம், நடுவில் பல நாள் ஈரம் நிற்கும். துணிகளைத் தனியாகப் பிரித்து, துணி தாங்கும் அளவு சூடான நீரில் துவைத்தால் அவை பெரும்பாலும் மீளும்.

காய வைத்தல்

இந்த வேலை முழுவதிலும் இதைவிட முக்கியமான கட்டம் இல்லை. இதைவிட அதிகமாக அவசரப்படுத்தப்படும் கட்டமும் இல்லை. ஈரமான பரப்பில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும் என்பதால் முதல் இரண்டு நாள்களில் வேகம் தேவை. அதற்குப் பின் தேவைப்படுவது பொறுமை. தரை ஓரிரு நாளில் உலர்ந்துவிடும், பூச்சின் மேற்பரப்பு ஒரு வாரத்தில் வெளுத்துவிடும், ஆனால் செங்கல்லின் உள்ளே ஊறிய நீர் அவ்வளவு விரைவில் வெளியேறாது. 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலையில் நெடுங்காலமாக வழங்கும் உத்தேசக் கணக்கு. காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். ஒன்பது அங்குலச் சுவர் ஒன்று நீரில் முழுமையாக ஊறியிருந்தால் வாரக் கணக்கில் எண்ணக் கூடாது.

சன்னல்களைத் திறந்து வைப்பது எப்போதும் சரி என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருந்தால் மட்டுமே அது சரி. மழைக்காலத்து இரவிலும், புழுக்கம் மிகுந்த நாளிலும் திறந்த சன்னல் வழியே ஈரமே உள்ளே வரும். ஈரப்பதமானி என்ற சிறு கருவி ஒன்று இருந்தால் ஐயம் தீர்ந்துவிடும். அறையில் 60 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால், சன்னல்களை மூடிவிட்டு, ஈரநீக்கியையோ ஏ.சி.யையோ இயக்குங்கள். 50 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர முடிந்தால் மிகவும் நல்லது. மின்விசிறியை ஈரமான சுவரை உரசிக் காற்று போகும்படி சாய்வாக வையுங்கள். ஏற்கெனவே பூஞ்சை தெரியும் அறையில் மட்டும் அதை அகற்றும் வரை விசிறியை இயக்க வேண்டாம், வித்துகள் வீடெங்கும் பரவும்.

அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், இழுப்பறைகளை உருவி எடுங்கள், சுவரடிப் பட்டைகள் மரத்தால் ஆனவை என்றால் கழற்றுங்கள். ஜிப்சம் பலகையால் ஆன தடுப்புச் சுவர் நனைந்திருந்தால், நீர் நின்ற கோட்டுக்கு மேல் ஒரு முழம் வரை வெட்டி எடுத்துவிடுவது நல்லது. அந்தப் பலகை திரியைப் போல நீரை மேலே இழுத்திருக்கும், பின்புறத்தில் நம் கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை பிடிக்கும். மரத்தின் மேல் வெப்பக் காற்றை நேரடியாகப் பாய்ச்சாதீர்கள். வெளிப்புறம் சுருங்கி, உட்புறம் ஊதியே இருக்க, பலகை வெடித்துவிடும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? கையால் தொட்டுப் பார்ப்பது போதாது, காய்ந்த சுவரும் காலையில் குளிர்ந்திருக்கும். 45 செ.மீ. சதுரமான பாலிதீன் தாளை எடுத்து, நான்கு ஓரங்களையும் காற்று புகாதபடி ஒட்டுநாடாவால் தரையிலோ சுவரிலோ ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் தெரிந்தாலோ, தாள் மூடிய இடம் மட்டும் கருத்திருந்தாலோ, ஈரம் உள்ளிருந்து வருகிறது. உட்புறம் உலர்ந்திருந்து, அறையைப் பார்த்த வெளிப்புறத்தில் மட்டும் துளிகள் நின்றால், அது அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்தது; அங்கே தேவைப்படுவது காற்றோட்டம். இந்தச் சோதனைக்குச் செலவு ஏதுமில்லை, ஆனாலும் வண்ணம் அடிப்பதற்கு முன் இதைச் செய்பவர்கள் மிகச் சிலரே.

சுவர் காயும்போது வெண்ணிறப் பொடி பூத்தால் அஞ்ச வேண்டாம். செங்கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பு, வெளியேறும் நீரோடு மேற்பரப்புக்கு வந்து படிகிறது. அதை உலர்ந்த பிரஷால் துலக்கி, கீழே விழுந்ததைப் பெருக்கி எடுத்து வெளியே கொட்டுங்கள். நீரால் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். பூப்பது நிற்கும் வரை வாரம் ஒரு முறை துலக்குவதே வேலை. அது நிற்காமல் தொடர்ந்தால் எங்கோ நீர் வந்துகொண்டிருக்கிறது. கூரை இணைப்பு, குழாய், வெளிச்சுவர் விரிசல், அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம் என ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அப்படிப்பட்ட சுவரின் உட்புறத்தில் நீர்த்தடைப் பூச்சை அடித்து ஈரத்தை அடைப்பது, வெளியேற வழியில்லாத நீரை மேலே ஏற விடுவதாகவே முடியும்.

பூஞ்சை

மூன்றடிக்கு மூன்றடி, அதாவது சுமார் 1 சதுர மீட்டர் அளவு வரையான பூஞ்சையை வீட்டிலுள்ளவர்களே அகற்றலாம். அதற்கு மேல் பரவியிருந்தாலும், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களோ நோயெதிர்ப்பு குன்றியவர்களோ இருந்தாலும், பழகிய பணியாளர்களிடம் விடுவது நல்லது. உலர்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டாதீர்கள். முதலில் சோப்பு நீரைத் தெளித்து நனைத்து, தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை உறையில் கட்டி எறிந்துவிடுங்கள். டைல்ஸ், கண்ணாடி, பளபளப்பான வண்ணம் பூசிய சுவர் ஆகியவற்றில் இது போதும், வேண்டுமானால் பின்னர் பிளீச் கலவையைப் பூசலாம். மரத்திலும் சுண்ணாம்புப் பூச்சிலும் பிளீச் மேலே உள்ள கறையை வெளுக்குமே தவிர, உள்ளே ஊடுருவிய இழைகளை எட்டாது. வெளுத்துவிட்டதைப் பார்த்துப் போய்விட்டது என்று நம்புவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அத்தகைய பூச்சைச் சாந்து தெரியும் வரை சுரண்டி எடுப்பதே தீர்வு. வண்ணம் அடித்து மறைத்த பூஞ்சை, ஈரம் இருக்கும் வரை அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு மீண்டும் வரும்.

புகையும் கரியும்

தீ அணைந்த பிறகு எஞ்சும் கரி, எண்ணெய்ப் பசையும் அமிலத் தன்மையும் கொண்ட மிக நுண்ணிய தூள். நீர் பட்டவுடன் அது மையைப் போலக் கரைந்து சுவரின் துளைகளுக்குள் இறங்கும், எனவே முதல் சுற்று முழுவதும் உலர்நிலையிலேயே நடக்க வேண்டும். தூசியுறிஞ்சியின் முனையைச் சுவரில் உரசாமல் விரலளவு தள்ளிப் பிடித்துத் தளர்ந்த கரியை இழுத்தெடுங்கள். பிறகு, கரி துடைப்பதற்கென்றே விற்கும் ரப்பர்ப் பஞ்சை உலர்நிலையில், ஒரே திசையில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இழுங்கள். பஞ்சின் முகம் கருத்தவுடன் அந்தப் படலத்தைக் கத்தியால் சீவிவிட்டுப் புதிய முகத்தால் தொடருங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் கரி உள்ளே போகும். பஞ்சில் கறை ஒட்டுவது குறைந்த பிறகுதான் வெதுவெதுப்பான சோப்பு நீர். உலோகக் கைப்பிடிகளையும் குழாய்களையும் முதல் நாளே துடைத்துவிடுங்கள், கரியின் அமிலம் சில நாள்களிலேயே அவற்றை அரிக்கத் தொடங்கும். சுவரில் புகை மணம் நிற்குமானால், கறையை அடைக்கும் பிரைமர் ஒன்றைப் பூசிய பின்னரே வண்ணம் அடியுங்கள்.

அன்றாடக் கறைகள்

எந்தக் கறை எதனால் ஆனது என்று தெரிந்தால், கடையில் அடுக்கியிருக்கும் பத்துப் புட்டிகளில் எட்டு தேவையில்லை. எண்ணெயும் பிசுக்கும் காரத்துக்கு இளகும்; எனவே சமையலறைச் சுவருக்கு வெந்நீரும் சோப்பும் சமையல் சோடாக் குழம்பும் போதும். குழாய் முனையிலும் ஷவர் துளைகளிலும் படியும் வெள்ளைப் பாறை கால்சியம் கார்பனேட். சோப்பால் எவ்வளவு தேய்த்தாலும் அசையாத அது, வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்தால் நுரைத்துக் கரையும். பளிங்கிலும் சுண்ணாம்புக் கல்லிலும் சிமென்ட் தரையிலும் மட்டும் அதே வினிகரை விடாதீர்கள். அவையும் கால்சியம் சேர்ந்தவை என்பதால் கறையோடு கல்லின் பளபளப்பும் கரைந்துபோகும். துருக்கறைக்கு பிளீச் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகப் பதியும். அதற்கு ஆக்சாலிக் அமிலம் சேர்ந்த துருநீக்கியே பொருந்தும். இரத்தம் போன்ற புரதக் கறைகளில் வெந்நீர் பட்டால் அவை இழையோடு இறுகிவிடும், அவற்றைக் குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும். எதைப் பயன்படுத்தினாலும் முதலில் மறைவான மூலையில் ஒரு துளி வைத்துப் பாருங்கள்.

வெடிப்பும் பூச்சும்

சுவர் காய்ந்தது உறுதியான பிறகு, சாந்து பூசும் கரணையைக் கையில் எடுக்கலாம். முதலில் விரல் மூட்டாலோ கரணையின் கைப்பிடியாலோ சுவர் முழுவதையும் தட்டிக் கேளுங்கள். நல்ல பூச்சு கெட்டியான ஒலி தரும். செங்கல்லை விட்டுப் பிரிந்த பூச்சு பொள்ளென்று ஒலிக்கும், அந்த எல்லையைப் பென்சிலால் வரைந்துகொண்டு அதுவரை முழுவதையும் உடைத்தெடுக்க வேண்டும். பொள்ளலின் மேல் பட்டி பார்ப்பது விழப்போவதற்கு எடை கூட்டுவதாகும்.

1 மி.மீ.க்கும் குறைந்த மயிரிழை வெடிப்புகள் பெரும்பாலும் பூச்சு உலர்ந்து சுருங்கியதால் வருபவை. 5 மி.மீ.க்கு மேல் அகன்றவை, செங்கல் வரிசையில் படிக்கட்டு போல ஏறுபவை, மேலே அகன்று கீழே ஒடுங்குபவை, கதவும் சன்னலும் திடீரென இறுகத் தொடங்கும்போது கூடவே தோன்றுபவை ஆகியவற்றை நிரப்ப முற்படாமல் கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். இடைப்பட்டவற்றுக்கு, வெடிப்பின் குறுக்கே ஒரு கோடு வரைந்து, இரு முனைகளிலும் அது எட்டிய இடத்தையும் தேதியையும் பென்சிலால் குறித்து, இரண்டு மூன்று மாதம் கவனியுங்கள். வளராத வெடிப்பைக் கூரிய முனையால் ஆங்கில வி எழுத்தின் வடிவில் அகலப்படுத்தி, தூசியைத் துலக்கி, லேசாக நனைத்து, நிரப்பியை இரண்டு முறையாக அழுத்தி நிரப்ப வேண்டும். அகலப்படுத்தாமல் மேலே தடவிய பட்டிக்குப் பிடிமானமே இருக்காது. புதிதாகப் பூசிய சிமென்ட் பூச்சை ஒரு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்தி, 28 நாள் கழித்து பிரைமர் அடியுங்கள். அதற்கு முன் அதன் காரத்தன்மை வண்ணத்தைக் கெடுத்துவிடும்.

கான்கிரீட் கூரையின் அடியில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அது வெறும் பூச்சு வேலை இல்லை. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. மேலே மொட்டை மாடியில் நீர் இறங்கும் வழியை அடைத்து, தளர்ந்ததை உடைத்து, கம்பியின் பின்புறம் வரை துருவைத் தேய்த்தெடுத்து, காப்புப் பூச்சு பூசி, அதற்குரிய சாந்தால் மூட வேண்டும். கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைப் பொறியாளர் பார்க்காமல் இதைச் செய்ய வேண்டாம். பழைய கட்டடங்களில் வண்ணத்தைச் சுரண்டும்போது இன்னொரு எச்சரிக்கை: பல ஆண்டுகளுக்கு முன் அடித்த எண்ணெய் வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். உலர்நிலையில் தேய்க்காமல் நீர் தெளித்துத் தேய்த்து, கழிவைச் சேர்த்தெடுத்து, குழந்தைகளையும் கருவுற்றவர்களையும் அந்த அறைக்கு வெளியே வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை அறுப்பதும் துளைப்பதும் கூடவே கூடாது.

மரம்

ஈரத்தில் ஊதிய கதவு நிலையில் இறுகியவுடன் இழைப்புளியைத் தேடுவது வழக்கம். காய்ந்த பிறகு அதே கதவு சுருங்கி, விரல் நுழையும் இடைவெளியோடு நிற்கும். மாதக் கணக்கில் காத்திருந்து, அதன் பிறகும் இறுகினால் மட்டும் இழையுங்கள். அதற்கும் முன், மேல் கீலின் திருகுகள் தளர்ந்து கதவு சரிந்திருக்கிறதா என்று பாருங்கள்; திருகு பிடிக்காத துளையில் பசை தடவிய மரச்சீவல்களை இறுக்கிச் செருகி, காய்ந்த பின் மீண்டும் முடுக்கினால் பெரும்பாலான கதவுகள் சரியாகிவிடும். நிலையின் அடிப்பாகத்தைத் திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும், உளுத்த மரத்தில் முனை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். உளுத்த பகுதியை நல்ல மரம் தெரியும் வரை வெட்டியெடுத்து, புதிய துண்டைப் பொருத்த வேண்டும். மேசையின் வார்னிஷில் படியும் வெள்ளை வளையம் மேற்படலத்துக்குள் சிக்கிய ஈரம்தான், பெரும்பாலும் மிதமான வெப்பத்திலேயே அது விலகும். கறுத்த வளையம் என்றால் நீர் மரத்தையே எட்டிவிட்டது. வார்னிஷை நீக்கித்தான் ஆக வேண்டும்.

காகிதமும் படங்களும்

நனைந்த பத்திரங்களையும் புகைப்படங்களையும் முதல் இரண்டு நாளுக்குள் கவனிக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை உலர்ந்த நிலையில் பிரித்தால் முகங்கள் உரிந்து வந்துவிடும். குளிர்ந்த நல்ல நீரில் மிதக்கவிட்டு, தாமாக விலகும்போது எடுத்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். எல்லாவற்றையும் உடனே உலர்த்த நேரமில்லை என்றால், மெழுகுத்தாளில் சுற்றி உறைபெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சிதைவு அங்கேயே நின்றுவிடும், பிறகு நிதானமாகச் சில சிலவாக எடுத்துக் காய வைக்கலாம். வீட்டில் வேறு எதை இழந்தாலும் வாங்கிவிடலாம் என்பதால், நான் சேற்றைத் தள்ளுவதற்கு முன்பே இந்தப் பெட்டியைத்தான் வெளியே எடுப்பேன்.

மீண்டும் நேராமல்

பல வீடுகளில் கேடு தொடங்குவது டைல்ஸ் இடுக்கில் உதிரும் ஒரு சிட்டிகை கிரவுட்டில்தான். ஷவருக்குக் கீழே உள்ள இடுக்குகளை ஆண்டுக்கு ஒரு முறை விளக்கொளியில் பாருங்கள். உதிர்ந்த இடத்தை 2 மி.மீ. ஆழமாவது சுரண்டி, தூசி நீக்கி, புதிய கிரவுட்டை ரப்பர்க் கரணையால் குறுக்காக அழுத்தி நிரப்புங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் கிரவுட் நிற்காது, இரண்டும் தனித்தனியே அசைவதால் அங்கே சிலிக்கான்தான் வேண்டும். பழைய சிலிக்கானின் மேல் புதியது ஒட்டாது. பழையதை முழுவதும் அறுத்தெடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பின் ஒரே இழுப்பில் இழுத்து, சோப்பு நீரில் நனைத்த விரலால் வழித்து, ஒரு நாள் முழுவதும் அந்தக் குளியலறையில் நீர் விடாமல் வையுங்கள். மழைக்கு முன் மொட்டை மாடியின் வடிகால் வாயிலிருந்து சருகுகளை அள்ளி, ஒரு வாளி நீரை ஊற்றி அது எங்கும் தேங்காமல் போகிறதா என்று நின்று பாருங்கள். தேங்கும் இடம் தெரிந்தால் அதன் நேர் கீழே உள்ள அறைக்குப் போய், கூரையின் அந்தப் பகுதியைத் தட்டிக் கேட்டு, பென்சிலால் தேதி போட்டு வையுங்கள்.